நினைவில்லை என்பதும் ஒரு நோய்க்குறி

அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டிக்கு அதிகாலையில் ஒரு தாய் தன் மகளை அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு 16 வயது. முந்தின நாள் மாலை பிறந்தநாள் விழா ஒன்றுக்குப் போனவள். ஜூஸ் குடித்தது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகத்தில் இருப்பது, விடிகாலையில் வேறொரு அறையில் கண் விழித்தது. நடுவே ஏழெட்டு மணி நேரத்தைக் காணவில்லை. மேல்சட்டைப் பொத்தான்கள் இடம் மாறிப் போட்டிருக்கின்றன. உடம்பு வலிக்கிறது, வாய் உலர்ந்திருக்கிறது, பேச்சு குழறுகிறது. பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், "பாத்ரூம் போகணும்மா" என்கிறாள்.

"அந்தப் பக்கம் இருக்கு, போயிட்டு வா" என்று யாராவது கை காட்டிவிட்டால், அந்த இரவில் அவள் உடலுக்குள் போனது என்ன என்பதைச் சொல்லக்கூடிய மிக நல்ல மாதிரி கழிப்பறையோடு போய்விடும். செவிலியர் ஒருவர் மூடி போட்ட டப்பாவை அவள் கையில் கொடுத்து, "இதுல பிடிச்சுக் குடும்மா. கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், அப்படியே வா" என்று சொன்னால் அது காப்பாற்றப்படும். இதற்கு ஆகும் செலவு ஒரு பிளாஸ்டிக் டப்பா. தேவைப்படுவது, "எனக்கு எதுவும் ஞாபகமில்லை" என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அதைக் காய்ச்சல், வாந்திபோல ஒரு நோய்க்குறியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம். நம் மருத்துவமனைகளில் அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை என்பதே என் ஆதங்கம். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அதுதான்.

மயக்கம் உண்டாக்கி நடத்தப்படும் பாலியல் வன்முறை இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, குற்றவாளியே உணவிலோ பானத்திலோ ஊசியிலோ மருந்தைக் கொடுப்பது. மற்றொன்று, பாதிக்கப்பட்டவர் தானாகவே மதுவோ வேறு எதையோ எடுத்துக்கொண்டு தன்னிலை இழந்திருக்கும் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வது. சிகிச்சையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. சட்டமும் பாதிக்கப்பட்டவரைப் பிரித்துப் பார்ப்பதில்லை. போதையில் இருப்பவர் கொடுத்த சம்மதம் சம்மதமே அல்ல என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு. 18 வயது நிறையாதவர் என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் இடமில்லை. குற்றம் செய்யும் நோக்கத்தோடு மயக்க மருந்து கொடுப்பது நியாய சன்ஹிதாவின் 123-வது பிரிவின்படி தனிக் குற்றம். அதற்கு 10 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

சினிமா பார்த்துப் பழகிய நமக்கு மயக்க மருந்து என்றால் கண்ணாடிக் குப்பியும் கைக்குட்டையும்தான் நினைவுக்கு வரும். இதுவரை பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் மிக அதிகமாகத் தென்பட்ட பொருள் மதுதான். அதற்குப் பின்னால் தூக்க மாத்திரைகள், பதற்றத்துக்குத் தரும் மாத்திரைகள், ஒவ்வாமை மருந்துகள் போன்றவை வருகின்றன. பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருப்பவை.

தமிழ்நாட்டில் இதை நம் முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்தது அயனாவரம் வழக்கு. 2018-ல் சென்னையின் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், 11 வயதுச் சிறுமிக்கு மயக்க மருந்து கலந்த பானமும் ஊசியும் கொடுத்துப் பல மாதங்கள் வன்கொடுமை செய்ததாக 17 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேரைக் குற்றவாளிகள் என்று சென்னை போக்சோ நீதிமன்றம் அறிவித்தது. அந்த வழக்கைப் பற்றி அப்போது நாம் பேசியதெல்லாம் தண்டனையைப் பற்றித்தான். அப்படி ஒரு குழந்தை வந்து சேரும் மருத்துவமனையில் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றி எழுந்த பேச்சு மிகக் குறைவு.

முதலில் நினைவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாத் தவறுகளும் தொடங்கும் இடம் அது. தூக்க மருந்துகளில் பலவும், அளவு மிஞ்சிய மதுவும், மூளை புதிய நினைவுகளைப் பதிவு செய்வதைத் தடுத்துவிடுகின்றன. அந்த நேரத்தில் ஒருவர் நடக்கலாம், பேசலாம், சிரிக்கலாம், படியேறலாம். சிசிடிவி கேமராவில் தன் காலால் நடந்து போவதாகவே தெரியும். ஆனால் எதுவும் பதிவாவதில்லை. பதிவே ஆகாததை எப்படிக் கேட்டாலும் நினைவுபடுத்த முடியாது. "நல்லா யோசிச்சுப் பாரு" என்று காவல் அதிகாரியும் மருத்துவரும் அம்மாவும் திரும்பத் திரும்பக் கேட்டால், அந்தப் பெண் அந்த வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்பத் தொடங்குவாள். பிறகு நீதிமன்றத்தில் முதலில் சொன்னதும் அடுத்துச் சொன்னதும் முரண்படும், பொய் சொல்கிறாள் என்பார்கள். ஆகவே கேட்பவர் ஒருவராக இருக்க வேண்டும்; ஒருமுறை, நிதானமாகக் கேட்க வேண்டும். "கடைசியா எது ஞாபகம் இருக்கு? அதுக்கப்புறம் முதல்ல எது ஞாபகம் வருது? நடுவுல ஏதாவது சத்தம், வாசனை, குரல்?" என்று கேட்டு, அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி, "இடையில் நினைவில்லை" என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். அதுவும் மருத்துவத் தகவல்தான்.

வந்தவுடன் பார்க்க வேண்டியது உயிர். இந்த இடத்தில் வழக்கும் சாட்சியமும் பின்னால் நிற்க வேண்டும். மதுவும் தூக்க மருந்தும் சேர்ந்தால் ஒன்றின் வேகத்தை மற்றது கூட்டும். மூச்சு மந்தமாகும், வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும். மூச்சுப் பாதை, ஆக்சிஜன் அளவு, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், ரத்தச் சர்க்கரை, நினைவு நிலை எல்லாம் முதல் சில நிமிடங்களில் பார்க்க வேண்டியவை. விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். போதை என்று நினைத்துத் தூங்க விட்டால், மண்டைக்குள் ரத்தக்கசிவு இருப்பது தெரியாமலே போகும். முழுத் தெளிவு வரும்வரை ஆளைத் தனியே விடக் கூடாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு உடனடியாக, இலவசமாக சிகிச்சை அளிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவு. மறுத்தால் நியாய சன்ஹிதாவின் 200-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. போலீஸ் கடிதமோ மாஜிஸ்திரேட் உத்தரவோ வேண்டும் என்று சிகிச்சைக்கு முன் கேட்கவே கூடாது என்கின்றன 2020-ன் போக்சோ விதிகள். எப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம் என்பது போக்சோ சட்டத்தின் 27-வது பிரிவிலேயே இருக்கிறது. ஆனாலும் "முதல்ல ஸ்டேஷனுக்குப் போயிட்டு மெமோ வாங்கிட்டு வாங்க" என்ற வாசகம் நம் ஊரில் இன்னும் சாகவில்லை. மயக்க மருந்து விஷயத்தில் அந்த வாசகம் செய்யும் கேடு மற்ற வழக்குகளைவிட அதிகம். மருந்து ஒவ்வொரு மணி நேரமும் உடலை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கும் நேரமெல்லாம் தடயம் கரையும் நேரம்.

சில பொருள்கள் அரை நாளுக்குள் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். சில பல நாள் தங்கும். எது கொடுக்கப்பட்டது என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், சீக்கிரம் எடுப்பது ஒன்றே வழி. ரத்தத்தை முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் பயன் அதிகம். சிறுநீரை 5 நாள் வரை, அதாவது 120 மணி நேரம் வரை, எடுத்து அனுப்பலாம் என்பது தடய நச்சியல் வல்லுநர்கள் பின்பற்றும் வழக்கம். இந்த 5 நாள் என்பதைச் "சாவகாசமாக எடுக்கலாம்" என்று படித்துவிடக் கூடாது. மூன்று நாள் கழித்து வந்த பெண்ணை "லேட்டாயிடுச்சு" என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதே அதன் பொருள்.

ரத்தத்தை எதில் எடுப்பது? சோடியம் ஃபுளோரைடு இருக்கும் குழாயில். ரத்தச் சர்க்கரை பார்க்க எடுப்பார்களே, சாம்பல் நிற மூடி போட்ட குழாய், அதேதான். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வகத்தில்கூட அது இருக்கும். குழாயில் உள்ள அந்த உப்பு, நுண்ணுயிரிகள் மாதிரியைச் சிதைத்து மதுவின் அளவை மாற்றிவிடாமல் காக்கும். தோலைத் துடைக்கச் சாராயம் கலந்த பஞ்சைப் பயன்படுத்தக் கூடாது. சிறுநீரைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் எடுத்த தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதி, சீல் வைத்து, கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியாகக் குடித்தது, சாப்பிட்டது எப்போது, அதன்பின் எத்தனை முறை சிறுநீர் கழித்தாள், சளிக்கோ அலர்ஜிக்கோ ஏதாவது மாத்திரை போட்டாளா என்பதையும் எழுதி அனுப்பினால்தான் தடய அறிவியல் ஆய்வகம் முடிவைச் சரியாகப் படிக்க முடியும்.

மருத்துவமனையில் உடனே பார்க்கும் அட்டைச் சோதனையில் "எதுவும் இல்லை" என்று வந்தால் அதோடு முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. அந்த அட்டைகள் பரவலாகப் புழங்கும் போதைப் பொருள்களைத் தேடச் செய்யப்பட்டவை. நுணுக்கமான கருவிகளில்தான் மற்றவை அகப்படும். அங்கேயும் அகப்படாமல் போகலாம். இல்லை என்று வரும் அறிக்கை, மருந்து கொடுக்கப்படவில்லை என்பதற்குச் சான்றாகாது. நேரம் கடந்துவிட்டது என்பதும் அதற்குப் பொருளாக இருக்கலாம். இதை அந்தப் பெண்ணிடமும் பெற்றோரிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், அறிக்கை வந்த நாளில் அவள் இரண்டாவது முறை உடைவாள்.

நாள்கள் கடந்து வந்தவர்களுக்கு இன்னொரு வழி முடி. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. ரத்தத்தில் இருந்த மருந்தின் சுவடு வேரின் வழியே முடிக்குள் போய்த் தங்குகிறது. நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, பின்மண்டையில் தோலை ஒட்டிப் பென்சில் பருமனுக்கு ஒரு கற்றை வெட்டி, எந்த முனை வேர்ப்பக்கம் என்று குறித்து அனுப்பினால், துண்டு துண்டாக ஆராய்ந்து எந்தக் காலத்தில் மருந்து உள்ளே போனது என்று கணிக்க முடியும். இந்த வசதி எல்லா ஆய்வகத்திலும் கிடையாது. ஆனால் வாய்ப்பைக் காப்பாற்றி வைக்கலாம். இந்த இடத்தில் நம் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இப்படி ஒன்று நடந்தால், முதலில் பிள்ளையைத் தலைக்குக் குளிப்பாட்டி, துணியைத் துவைத்துப் போடத்தான் நம் கை போகும். சில வீடுகளில் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு முடியிறக்குவார்கள். தாயின் மனசு புரிகிறது. தயவுசெய்து பொறுங்கள். அந்தத் துணியை அப்படியே காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் புழுங்கித் தடயம் கெடும்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகள் நல்ல ஆவணம். உடலிலிருந்து தடயம் சேகரிக்க 96 மணி நேரம் என்று அது வரையறுக்கிறது. பரிசோதனைக்குச் சம்மதம் சொல்லும் உரிமை 12 வயதைக் கடந்தவருக்கே உண்டு என்கிறது. சிகிச்சைக்குச் சம்மதம் வேறு, தடயம் எடுக்கச் சம்மதம் வேறு; ஒன்றை மறுத்தால் மற்றதை மறுக்கக் கூடாது என்கிறது. மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் சம்மதம் சொல்ல முடியாது. ஆகவே உயிர்காக்கும் சிகிச்சையை உடனே செய்துவிட்டு, உள்ளுறுப்புப் பரிசோதனையைத் தெளிவு வரும்வரை தள்ளிவைப்பதே முறை. தான் அறியாமல் தன் உடல் கையாளப்பட்டதுதான் அவளுக்கு நேர்ந்த கொடுமை. மருத்துவமனையிலும் அதுவே நடந்துவிடக் கூடாது. ஒவ்வொரு அடியிலும் "இப்ப இதைப் பண்ணப் போறேன், சரியா? வேண்டாம்னா சொல்லு, நிறுத்திடறேன்" என்று கேட்பது மரியாதை மட்டுமல்ல, அதுவே மருந்து. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும், அவள் நம்பும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று போக்சோ சட்டமும் சொல்கிறது.

காயம் இல்லை என்பதைப் பெரிதாக எழுதும் மருத்துவக் குறிப்புகள் பல வழக்குகளைக் கெடுத்திருக்கின்றன. மயங்கிய உடல் எதிர்த்துப் போராடாது, தசைகள் தளர்ந்திருக்கும், அதனால் காயமே இல்லாமல் போகலாம். போதையால் எதிர்க்க முடியாமல் போவது காயமின்மைக்கு ஒரு காரணம் என்று அந்த 2014 நெறிமுறையிலேயே இருக்கிறது. இரு விரல் சோதனையைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருப்பது வேதனை. 2013-ல் உச்ச நீதிமன்றம் அது அந்தரங்க உரிமையை மீறுகிறது என்றது. 2022 அக்டோபரில், அதைச் செய்பவர் தவறிழைத்தவராகக் கருதப்படுவார் என்று மீண்டும் கண்டித்தது.

தடுப்பு மருந்துகளுக்கு வருவோம். மயக்க மருந்து வழக்கில் மருத்துவருக்கு உள்ள தனிச் சிக்கல், என்ன நடந்தது என்று நோயாளிக்கே தெரியாது என்பது. எத்தனை பேர், ஆணுறை இருந்ததா, எதற்கும் பதில் இல்லை. பதில் தெரியாதபோது நடந்ததாகவே வைத்துக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டும். காத்திருந்து உறுதி செய்துகொண்டு கொடுக்க இங்கே நேரமில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் சில மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் 28 நாள். எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையமும் பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையமும் காலையில்தான் திறக்கும். ஆகவே தொடக்க மாத்திரைகள் கேஷுவாலிட்டி அலமாரியில் இருக்க வேண்டும். பால்வினை நோய்த் தொற்றுகளுக்கான ஆன்டிபயாடிக், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி ஆகியவையும் சேரும். இத்தனையையும் வயிறு குமட்டும் பெண்ணிடம் மொத்தமாகக் கொடுத்தால் வாந்தி எடுப்பாள். முதலில் வாந்தி நிறுத்தும் மருந்து கொடுக்க வேண்டும். கருத்தடை மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பவும் கொடுக்க வேண்டும்.

அவசரக் கருத்தடை மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., 72 மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. ஐந்து நாள் வரை கொஞ்சம் பலன் இருக்கும். காப்பர்-டி ஐந்து நாள் வரை நன்றாகவே பயன் தரும். லெவோநார்ஜெஸ்ட்ரல் சட்டப்படி மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடிய மாத்திரை. ஆனாலும் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. இதை அறிந்தவர்கள் பலர், பேசுபவர்கள் சிலர். 16 வயதுப் பெண்ணின் தாய் இரவு பத்து மணிக்குக் கடை கடையாக ஏறி இறங்கி அதைக் கேட்க வேண்டிய நிலைமையை நாம்தான் உண்டாக்கி வைத்திருக்கிறோம். மருத்துவமனையே கையில் கொடுக்க வேண்டும்.

நினைவில்லாத சம்பவத்துக்கு மாதவிடாய் தள்ளிப்போவதே முதல் அடையாளமாக அமைவதும் உண்டு. மூன்று, நான்கு வாரம் கழித்துக் கர்ப்பப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வன்முறைக்கு ஆளானவர்களும் 18 வயது நிறையாதவர்களும் 24 வாரம் வரை கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். எச்.ஐ.வி. பரிசோதனை 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று தொடரும். இந்த வருகைகளை யாராவது போனில் நினைவுபடுத்தி, பஸ் செலவுக்கு வழி செய்து, ஓ.பி. வரிசையில் நிற்க வைக்காமல் உள்ளே அழைத்துப் போனால்தான் அவள் வருவாள்.

பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். போக்சோ சட்டத்துக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது. கருத்தடை, கர்ப்பம் பற்றியவற்றைத் தவிர மேலே சொன்ன சிகிச்சை அனைத்தும் அவர்களுக்கும் பொருந்தும். கேட்கப்படாததால் சொல்லாமல் போகிறவர்கள் அவர்களில் அதிகம்.

மனசுக்கு வருகிறேன். நடந்ததை நினைத்து நினைத்து அஞ்சுவது ஒரு துன்பம். நடந்தது என்னவென்றே தெரியாமல், தன் உடம்பைத் தானே சந்தேகத்தோடு பார்ப்பது வேறொரு துன்பம். யாரோ செல்போனில் படம் எடுத்திருப்பார்களோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. தூக்கம் வரவில்லை என்று அவள் சொன்னால் தூக்க மாத்திரை எழுதிக் கொடுப்பது எளிது. அதிர்ச்சிக்குப் பின்னான முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரைகளைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்தது. மாத்திரையால் மயக்கப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு மாத்திரை கொடுத்து மயக்குவது என்ன சிகிச்சை? அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு சிகிச்சைக்குத்தான் பலன் காட்டும் சான்றுகள் இருக்கின்றன. தற்கொலை எண்ணம் உண்டா என்பதை ஒவ்வொரு வருகையிலும் நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

பிரான்ஸில் ஜிசெல் பெலிகோவுக்கு நேர்ந்ததை உலகமே படித்தது. கணவரே ஏறக்குறைய பத்தாண்டுகள் தூக்க மருந்து கொடுத்து, அந்நியர்களை வரவழைத்து வன்கொடுமை செய்ய வைத்தார். 2024 டிசம்பரில் அவருக்கு 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அவரோடு மேலும் 50 பேர் தண்டனை பெற்றார்கள். அந்த ஆண்டுகளில் ஜிசெல், நினைவு தப்புகிறது என்று மருத்துவர்களிடம் போனார். மறதி நோயோ மூளைக் கட்டியோ என்று அஞ்சினார். மகளிர் நோய்த் தொந்தரவுகளுக்கும் சிகிச்சை தேடினார். உடலில் மயக்க மருந்து இருக்கிறதா என்ற பரிசோதனைக்கு யாரும் போகவில்லை. கடைசியில் உண்மையை வெளியே கொண்டுவந்தது காவல் துறை, வேறொரு வழக்கில் அந்தக் கணவர் பிடிபட்டபோது. அவர் வளர்ந்த பெண், பிள்ளைகளைப் பெற்றவர். அவராலேயே முடியவில்லை என்றால், சொந்த வீட்டுக்குள்ளேயே மயக்கப்படும் 14 வயதுக் குழந்தை எப்படித் தானாக வந்து சொல்லும்? காரணமில்லாமல் பகலில் தூங்கி வழியும், நேற்று நடந்தது மறந்துபோகும், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் ஒரு மாணவியை "ராத்திரி முழுக்க போன் பார்க்கிறா" என்று அனுப்பி வைக்கும் முன், தனியே உட்கார வைத்துப் பேச வேண்டும்.

தனியே என்பதை அழுத்திச் சொல்கிறேன். தானாக ஒரு பீர் குடித்த 16 வயதுப் பெண், அப்பா பக்கத்தில் நிற்கும்போது அதைச் சொல்ல மாட்டாள். சொல்லாவிட்டால் சிகிச்சை தவறும், ஆய்வக முடிவு குழம்பும். எனவே முதலில் அவளிடம் தனியாகப் பேசி, குடித்ததற்காக அவளைக் குற்றவாளியாக்க மாட்டோம் என்று உறுதி சொல்ல வேண்டும். அதே மூச்சில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 18 வயதுக்குக் கீழே என்றால் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது மருத்துவரின் கடமை, போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு அப்படிச் சொல்கிறது, தவறினால் 6 மாதம் வரை சிறை. இந்தக் கட்டாயத்துக்குப் பயந்தே பல பிள்ளைகள் மருத்துவமனைப் பக்கம் வருவதில்லை என்று நான் நம்புகிறேன். சட்டத்தின் நோக்கம் நல்லது. ஆனால் தகவல் சொல்லப்படும் நேரமும் விதமும் அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்திருந்தால், பாதி பயம் குறையும்.

இதற்கெல்லாம் புதுக் கட்டடம் தேவையில்லை. தாலுகா மருத்துவமனை வரை ஒவ்வொரு கேஷுவாலிட்டியிலும் ஒரு பெட்டி போதும். அதில் மூடி போட்ட டப்பா, சாம்பல் மூடிக் குழாய்கள், சீல், காகிதப் பை, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை, கருத்தடை மாத்திரை, வாந்தி மருந்து, நிரப்ப வேண்டிய படிவம் இருக்க வேண்டும். ஞாபகமில்லை என்று யார் சொன்னாலும் அந்தப் பெட்டியைத் திறக்க இரவுப் பணிச் செவிலியருக்கு அதிகாரமும் பயிற்சியும் வேண்டும். சுகாதாரத் துறை மனது வைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியம்.

பெற்றோருக்கு: பிள்ளை வந்து, "என்ன நடந்துச்சுன்னே தெரியலம்மா" என்று சொன்னால், ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். குளிக்க வைக்காதீர்கள். சிறுநீர் வந்தால் சுத்தமான டப்பாவில் பிடித்து, நேரத்தை எழுதி, கையோடு எடுத்துக்கொண்டு அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். யாரையும் தெரியாது என்றால் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கான அந்த எண் இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் கிடையாது.